கொள்ளுக்கும் ரத்த குரூப்புக்கும் என்ன சம்பந்தம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பொண்ணு லேப் டெக்னீஷியன் கோர்ஸ் படிக்கிறா. ப்ளட் பேங்க்ல கொள்ளு சாறு வச்சு ரத்த குரூப் டெஸ்ட் பண்ணுவாங்கன்னு சொல்றா. நாம ரசம் வைக்கிற அதே கொள்ளான்னு கேட்டா ஆமாங்கிறா. அப்போ கொள்ளு சாப்பிட்டா ரத்தம் கட்டிக்காதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பொண்ணு சொல்றது நிஜம்தாங்க, அதே கொள்ளுதான். 1951லயே ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட்ங்கிறவர் கண்டுபிடிச்சு எழுதிட்டார். பாட்டில்ல ஆன்ட்டி ஏ1 லெக்டின்னு போட்டிருக்கும், லெக்டின்னா சர்க்கரையப் பிடிச்சுக்கற புரதம், உள்ள இருக்கறது கொள்ளு விதையோடது.

நம்ம சிவப்பணு மேல சர்க்கரைச் சங்கிலிகள் முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. ஏ, பி, ஓன்னு நாம பிரிக்கறதே அந்தச் சங்கிலியோட நுனிய வச்சுத்தான். ஏ குரூப்புன்னா நுனியில என்-அசிட்டைல் கேலக்டோசமின், பி-ன்னா கேலக்டோஸ், ஓ-ன்னா அந்த ரெண்டும் கிடையாது. ரெண்டு சர்க்கரைக்கும் வித்தியாசம் ரொம்பச் சின்னதுதான், ஆனா கொள்ளு லெக்டின்ல இருக்கற குழிக்குள்ள முதல் சர்க்கரைதான் சரியா உக்காரும், பி செல்லை அது கண்டுக்காது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா அந்தப் பிடி ரொம்ப லேசானது, சில ஹைட்ரஜன் பிணைப்புதான், ஒத்தையா பிடிச்சா சீக்கிரமே கழண்டுடும், ஆனா ஒரு லெக்டின்ல ஒண்ணுக்கு மேல குழி இருக்கறதால பக்கத்துப் பக்கத்து செல்லை ஒரே நேரத்துல பிடிச்சு மொத்தமா திரிதிரியா சேர்த்துடுது, அதைத்தான் டெஸ்ட் ட்யூப்ல கண்ணால பாக்கறாங்க. ஏ குரூப்லயே ஏ1, ஏ2ன்னு உட்பிரிவு இருக்கு. ஏ2 ஆளுங்களுக்கும் இதே சர்க்கரை உண்டு, ஆனா ஏ1-ஐ விட எண்ணிக்கை ரொம்பக் கம்மி. அதனால சாறை அளவா நீர்க்க வச்சா ஏ1 மட்டும் கட்டும், ஏ2 கட்டாது. சில ஏ2 ஆளுங்க ரத்தத்துல ஏ1-க்கு எதிரா ஆன்ட்டிபாடி இருக்கும், க்ரூப்பிங்ல குழப்பம் வரும்போது இந்த டெஸ்ட்தான் கைகொடுக்கும்.

ரசத்துக்கு வருவோம். பயப்படாதீங்க. லெக்டின் ஒரு புரதம், நல்லா கொதிக்க வச்சா வடிவம் குலைஞ்சுடும், அப்புறம் குழியும் இல்ல பிடியும் இல்ல. ராஜ்மா விஷயத்துலதான் உஷாரா இருக்கணும், அதுல இருக்கற லெக்டின் குடல் செல் மேல இருக்கற சர்க்கரையப் பிடிச்சுக்கும், வேகாத நாலஞ்சு பயறு போதும் வாந்தி பேதி வர. ஊற வச்ச தண்ணிய கொட்டிட்டு குக்கர்ல நல்லா வேக விடுங்க. சூடு பத்தாத ஸ்லோ குக்கர்ல ராஜ்மா வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பறவைக் காய்ச்சல் மனுஷனுக்கு மனுஷன் சுலபமா பரவாததுக்கு என்ன காரணம்?
– வாசகர், நாமக்கல்

பதில்: கோழி ஊர்க்காரர் கேள்வி! காரணம் பல இருக்கு, ஒண்ணு இதே சர்க்கரை விவகாரம்தான். ஃப்ளூ வைரஸ் நம்ம செல் மேல இருக்கற சியாலிக் அமிலம்ங்கிற சர்க்கரையப் பிடிச்சுத்தான் உள்ள வரும். அந்த அமிலம் கீழ இருக்கற சர்க்கரையோட 2-3ன்னு ஒரு விதமா இணையலாம், 2-6ன்னும் இணையலாம். பறவை வைரஸுக்கு 2-3 தான் பிடிக்கும், நம்ம மூக்கு தொண்டையில இருக்கறது பெரும்பாலும் 2-6. நுரையீரலோட ஆழத்துல 2-3 இருக்கு, அங்க இறங்கிட்டா ஆபத்துதான், ஆனா இருமல் தும்மல்ல அடுத்தவங்களுக்கு லேசுல போகாது. 2024ல அமெரிக்காவுல கறவை மாடுகளுக்கு எச்5என்1ங்கிற பறவைக் காய்ச்சல் வைரஸ் வந்தப்போ பாத்தா மாட்டு மடியில ரெண்டு விதமுமே இருக்கு, பால்லயே வைரஸ் எக்கச்சக்கமா வந்துச்சு. காய்ச்சாத பால் குடிக்காதீங்கன்னு அங்க அடிச்சுச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.