பழைய மேனுவல் லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் அடாப்டர் வாங்கலாமா?

கேள்வி கேட்டவரிடம் சோனி ஏ7 மார்க் 3 பாடி இருக்கிறது. கூடவே ஒரு ஹீலியோஸ் 44-2, ஒரு பழைய 135 மிமீ லென்ஸ். இரண்டும் எம்42 திருகு மவுண்ட், அதாவது திருகி மாட்டும் பழைய வகை இணைப்பு. லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி, கையால் ஃபோகஸ் செய்யும் மேனுவல் லென்ஸை ஆட்டோஃபோகஸ் ஆக்கும் அடாப்டர் உண்மையிலேயே வேலை செய்யுமா, அந்தப் பணத்துக்குப் புது லென்ஸே வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

ஹீலியோஸுக்காக என்றால் வாங்குங்கள். 135-ஐ மனதில் வைத்து வாங்குவதாக இருந்தால் வேண்டாம். நாலு வருடமாக இப்படி ஓர் அடாப்டரை வைத்துப் படம் எடுத்துவருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என் சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஆசாஹி பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமரா ஒன்று வாங்கினார். அதோடு வந்த சூப்பர் டக்குமார் 55 மிமீ எஃப் 1.8 லென்ஸ்தான் எங்கள் வீட்டின் கல்யாணம், காதுகுத்து, பொங்கல் எல்லாவற்றையும் பார்த்த லென்ஸ். கேமரா எப்போதோ நின்றுபோய்விட்டது. லென்ஸ் மட்டும் பீரோவில் துணி சுற்றிக் கிடந்தது. மிரர்லெஸ் கேமரா வாங்கியதும் நான் செய்த முதல் வேலை, மோட்டார் இல்லாத சாதாரண எம்42 இணைப்பு வளையம் ஒன்று வாங்கி அந்த லென்ஸை மாட்டியதுதான். எங்கள் பாட்டியின் பழைய படத்தில் இருந்த அதே மென்மை, அதே வண்ணம் திரையில் வந்தபோது கொஞ்ச நேரம் பேசவே முடியவில்லை.

இரண்டு வருடம் கையால் ஃபோகஸ் செய்தே எடுத்தேன். உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், பூ, கோயில் தூண் என்றால் ஒரு தொந்தரவும் இல்லை. தங்கச்சி மகள் தவழ ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் வந்தது. குழந்தையின் உயரத்துக்குக் கேமராவைத் தரையில் இறக்கி, பின்பக்கத் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். எனக்கோ வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் திரை தெரியாது, கண்ணாடியோடு வ்யூஃபைண்டர் வசதிப்படாது. ஓரங்களுக்கு வண்ணம் பூசிக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை நம்பினால், லென்ஸின் துளையை முழுதாக (என் லென்ஸில் எஃப் 1.8) திறந்திருக்கும்போது அது ஏமாற்றும். கூர்மை இல்லாத இடத்தையும் சேர்த்துச் சிவப்பாகக் காட்டும். 55 மிமீ லென்ஸில், ஒரு மீட்டர் தூரத்தில், எஃப் 1.8-இல் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர்தான். பிள்ளை தலையைச் சாய்த்தால் போயிற்று. நூறு படத்தில் கண் தெளிவாக விழுந்தது பத்தோ பதினைந்தோ. அப்போதுதான் அடாப்டர் வாங்கினேன்.

அடாப்டர் லென்ஸுக்குள் எதையும் தொடாது, ஃபோகஸ் ரிங்கையும் சுற்றாது. லென்ஸ் மாட்டியிருக்கும் முகப்பையே மோட்டாரால் முன்னும் பின்னும் நகர்த்தும். பழைய மேனுவல் லென்ஸ்களில் பெரும்பாலானவை ரிங்கைச் சுற்றும்போது செய்வதும் இதுதான்: கண்ணாடித் தொகுதி முழுவதும் மரையில் ஏறி முன்னே வரும். அடாப்டர் அதே வேலையைப் பின்னாலிருந்து செய்கிறது. நடுவில் புதிதாக ஒரு கண்ணாடியும் இல்லாததால் லென்ஸின் குணம் துளியும் மாறாது. சித்தப்பா லென்ஸின் போக்கே அப்படியே இருக்கிறது.

இந்த யோசனை மிரர்லெஸ் காலத்தில் பிறந்தது இல்லை. 1996-இல் வந்த கான்டாக்ஸ் ஏஎக்ஸ் என்ற ஃபிலிம் கேமரா, கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் மேனுவல் லென்ஸ்களை ஆட்டோஃபோகஸ் ஆக்கியது. லென்ஸை நகர்த்தாமல், கேமராவுக்குள் இருக்கும் ஃபிலிம் அறையையே 10 மிமீ வரை பின்னால் தள்ளியது. அதற்காக உடல் தடித்து, எடை ஒரு கிலோவைத் தாண்டியது. அதற்கு முன்பே 1980-களில் நிக்கானின் டிசி-16ஏ, பென்டாக்ஸின் 1.7 மடங்கு அடாப்டர் போன்றவை லென்ஸின் மிமீயைக் கூட்டும் கன்வர்ட்டருக்குள் இருக்கும் கண்ணாடிகளை நகர்த்தி ஃபோகஸ் செய்தன. ஆனால் அவற்றில் 50 மிமீ லென்ஸ் 80, 85 மிமீ ஆகிவிடும், வெளிச்சமும் பாதிக்கு மேல் போய்விடும்.

மிரர்லெஸ்ஸில், பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிப் பெட்டி இல்லாததால் பாடி ஒல்லியானது. இந்த அடாப்டர்களின் முன்பக்கம் லைக்கா எம் மவுண்ட். அதில் முகப்பிலிருந்து ஃபிலிம் வரை 27.8 மிமீ. சோனி ஈ மவுண்டில் சென்சார் வரை 18 மிமீ. இடையில் கிடைக்கும் 9.8 மிமீ இடத்துக்குள் மோட்டாரும் நகரும் முகப்பும் அடங்கிவிடுகின்றன. 2016-இல் டெக்ஆர்ட் நிறுவனம் கொண்டுவந்த எல்எம்-இஏ7 அடாப்டர் இப்படித்தான் வேலை செய்தது. அதில் முகப்பு 4.5 மிமீ நகரும். நிக்கான் இசட்டில் சென்சார் தூரம் 16 மிமீதான் என்பதால் இடம் இன்னும் தாராளம். மெகாடாப்பின் எம்டிஇசட் 11 போன்றவை அதற்காக வந்தவை.

அடாப்டரின் முன்பக்கம் லைக்கா எம் என்றதும் லைக்கா வைத்திருப்பவர்களுக்கானது என்று நினைத்துவிடாதீர்கள். எம்42, பென்டாக்ஸ் கே, நிக்கான் எஃப், கேனான் எஃப்டி, மினோல்டா, ஒலிம்பஸ் ஓஎம் எல்லாமே சென்சாரிலிருந்து 40 மிமீக்கு அப்பால் உட்காரும் லென்ஸ்கள். எம் மவுண்டுக்கு மாற்றும் மலிவான வெற்று வளையம் ஒன்றை இடையில் போட்டால் போதும். ஒரே ஆட்டோஃபோகஸ் அடாப்டரில் வீட்டில் உள்ள அத்தனை பழைய லென்ஸும் ஏறும்.

எந்த லென்ஸுக்கு இது உதவும் என்பதை அந்த 4.5 மிமீதான் முடிவு செய்கிறது. ஃபோகஸ் ரிங்கை முடிவிலியில் (வெகு தூரத்துக்கான நிலையில்) வைத்துவிட்டு அடாப்டரை மட்டும் நம்பினால், 35 மிமீ லென்ஸ் 30 சென்டிமீட்டர் பக்கத்தில் இருப்பது வரை எட்டிப்பிடிக்கும். 50 மிமீ என்றால் 60 சென்டிமீட்டர். உங்கள் ஹீலியோஸ் 58 மிமீ, அதற்கு 80 சென்டிமீட்டர். 85 மிமீ லென்ஸ் 1.7 மீட்டரோடு நின்றுவிடும். 135 மிமீக்கோ நாலு மீட்டருக்கு மேல் தூரத்தில் இருப்பவர்தான் கிடைப்பார். (இவை நான் சூத்திரத்தில் போட்டுப் பார்த்த கணக்கு, லென்ஸின் முன்னாலிருந்து அளந்தது. கையில் சில சென்டிமீட்டர் முன்பின் வரும்.) முகம் எடுக்க வாங்கிய 135 மிமீ லென்ஸில் நாலு மீட்டருக்கு அப்பால் நிற்பவரின் முகம் எப்படி நெருக்கமாக வரும்?

இங்கே ஃபோகஸ் ரிங்கின் உதவி வேண்டும். அடாப்டர் வந்த பிறகும் ரிங் சும்மா இருப்பதில்லை, அது கியர் போல ஆகிவிடுகிறது. 85 மிமீ லென்ஸின் ரிங்கை 3 மீட்டரில் வைத்தால் அடாப்டர் 3 மீட்டரிலிருந்து 1.1 மீட்டர் வரை பார்த்துக்கொள்ளும். முகம் எடுக்க அது போதும். 135-ஐ 4 மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரை வரும். ஆனால் அப்படி வைத்த பிறகு முடிவிலி கிடையாது. தூரத்துக் கோபுரத்தை எடுக்கத் திரும்பினால் மோட்டார் முட்டி நின்றுவிடும். புதிதாக வாங்குபவர்கள் அடாப்டர் பழுது என்று நினைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ரிங் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இதே விஷயம் மறுபக்கம் ஒரு வரமாகவும் ஆகிறது. லைக்கா எம் லென்ஸ்களில் பல 0.7 மீட்டருக்குப் பக்கத்தில் வராது. ரிங்கை அந்த 0.7-இல் வைத்து அடாப்டரை மாட்டினால் 50 மிமீ லென்ஸ் 40 சென்டிமீட்டர் வரை நெருங்கும். என் டக்குமாரில் ரிங்கை அருகில் வைத்துத்தான் அம்மா தொடுக்கும் மல்லிகைச் சரத்தை எடுக்கிறேன். மொட்டின் காம்பில் ஃபோகஸ் தானாகவே போய் நிற்கும்.

இந்த அடாப்டர் வேகமாக ஓட, சென்சாரில் ஃபேஸ் டிடெக்ஷன் (எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கணிக்கும் முறை) இருக்க வேண்டும். உங்கள் ஏ7 மார்க் 3-இல் இருக்கிறது, கவலை வேண்டாம். பழைய விலைக்குக் கிடைக்கிறதே என்று ஏ7ஆர் முதல் தலைமுறையையோ ஏ7எஸ் மார்க் 2-ஐயோ தேடுபவர்கள் கவனிக்கவும்: அவற்றில் முன்னும் பின்னும் நகர்த்திக் கூர்மையைத் தேடும் கான்ட்ராஸ்ட் முறை மட்டும்தான். கேமரா இந்த அடாப்டரைச் சொந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ் என்றே நம்புவதால் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியும் வேலை செய்கிறது. எனக்கு அடாப்டரின் முழு மதிப்பும் இந்த ஒன்றில்தான். 1960-களில் வடிவமைத்த லென்ஸ், தவழ்ந்து வரும் பிள்ளையின் கண்ணில் போய் நிற்கிறது. பத்துப் பதினைந்து தெளிவான படம் வந்த இடத்தில் இப்போது அறுபது எழுபது வருகிறது. புது லென்ஸ் என்றால் இன்னும் கூடுதலாகவே வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு வேண்டியது இந்த லென்ஸின் படம்.

அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, கேமராவால் மாற்ற முடியாது, லென்ஸ் ரிங்கில்தான். அதனால் ஃபோகஸ் செய்யும் நேரத்திலும் துளை அந்த அளவிலேயே இருக்கும். எஃப் 1.8 முதல் எஃப் 4 வரை சுறுசுறுப்பாக இருக்கும். எஃப் 8-க்குப் போய் வீட்டு விளக்கு வெளிச்சத்தில் நின்றால் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். எஃப் 8-இல் எடுக்கும் இயற்கைக் காட்சிக்குக் கையால் ஃபோகஸ் செய்வதே நல்லது.

லென்ஸின் மிமீ எவ்வளவு என்பதைக் கேமராவுக்குச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கை நடுக்கத்தைச் சமன்செய்ய பாடியில் உள்ள ஸ்டெபிலைசேஷன் தப்பாக அசையும். சாதாரண வளையம் போட்டால் மெனுவில் நாமே எண்ணைக் கொடுக்கலாம். இங்கே கேமரா அடாப்டரைக் கேட்பதால் அந்த மெனு உதவாது. பல அடாப்டர்களில், கேமராவின் அபர்ச்சர் எண்ணைக் குறிப்பிட்ட ஓர் அளவில் வைத்து ஒரு படம் எடுப்பதுதான் கட்டளை. எந்த எண்ணுக்கு எந்த மிமீ என்ற பட்டியல் பெட்டியில் வரும் தாளில் இருக்கும். அதைப் படம் பிடித்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள், லென்ஸ் மாற்றும்போதெல்லாம் தேவைப்படும்.

பிடிக்கும் விதத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இடது கையால் லென்ஸைத் தாங்கிப் பழகியவர்கள் நாம். இங்கே லென்ஸே நகர்வதால், இறுகப் பிடித்தால் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறோம் என்று அர்த்தம். கையைப் பாடிக்கு அடியில் வையுங்கள். இதே காரணத்தால், காலர் (ட்ரைபாடில் பொருத்த லென்ஸைச் சுற்றியிருக்கும் பட்டை) உள்ள பெரிய லென்ஸை அந்தக் காலரில் ட்ரைபாடில் மாட்டவே கூடாது. லென்ஸ் அசையாமல் நின்றால் மோட்டார் கேமராவைத் தள்ளப் பார்க்கும். கனமான லென்ஸ்களை நான் ஏற்றுவதே இல்லை. டக்குமார், ஹீலியோஸ் எல்லாம் கால் கிலோவுக்குள் அடங்குபவை, அதுவரை நிம்மதி. வீடியோவுக்கு இதை எண்ணி வாங்காதீர்கள். மோட்டாரின் கிர்ர் சத்தம் மைக்கில் விழும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பழைய லென்ஸும் முழுதாக நகரும் வகை என்றும் சொல்ல முடியாது. சிலவற்றில் அருகில் வரும்போது உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதி தனியாக வேறு அளவில் நகர்ந்து ஓரங்களைச் சரிசெய்யும். அகலக் கோண லென்ஸ்களில் இது அதிகம். ரிங்கை முடிவிலியில் வைத்து அடாப்டரால் இழுத்தால் அந்தத் திருத்தம் நடக்காது, ஓரம் மங்கும். அப்படிப்பட்ட லென்ஸில் ரிங்கை உத்தேசத் தூரத்தில் வைத்துவிட்டு, கடைசி நுண்மையை மட்டும் அடாப்டரிடம் விடுங்கள்.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. எனக்கு முதலில் வந்த அடாப்டரில் முகப்பு லேசாக ஆடியது. படத்தின் வலது பக்கம் எப்போதும் மங்கலாக விழ, லென்ஸில்தான் கோளாறு என்று ஒரு மாதம் மனம் உடைந்து கிடந்தேன். சாதாரண வளையத்தில் அதே லென்ஸை மாட்டிப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அலைச்சல். ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை நேராக வைத்து, முழுத் திறப்பில் ஒரு படம் அடாப்டரோடும் ஒரு படம் வெற்று வளையத்தோடும் எடுங்கள். நாலு மூலைகளையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

உங்கள் 135-ஐப் பற்றி: அதை வெற்று வளையத்தில் போட்டு, திரையைப் பெரிதாக்கிக் கையாலேயே ஃபோகஸ் செய்யுங்கள். எடைக்கும் தூரத்துக்கும் அதுதான் சரி.

ஹீலியோஸுக்கு ஒரு குறிப்பு. 44-2 மாடலில் அபர்ச்சருக்கு இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்றில் எண்ணைக் குறிக்கிறோம், மற்றொன்று எண்ணே இல்லாத, வழுவழுவென்று சுற்றும் வளையம், அது துளையைத் திறந்து மூடும். பையிலிருந்து எடுக்கும்போது அந்த இரண்டாவது வளையம் தானாகச் சுற்றித் துளையை மூடியிருக்கும், நமக்குத் தெரியாது, கேமரா தேடித் தேடிச் சலிக்கும். குறிக்கும் வளையத்தை எஃப் 2-லேயே வைத்துவிட்டால் மற்றது எவ்வளவு சுற்றினாலும் துளை மூடாது. ஃபோகஸ் ரிங்கை முடிவிலியில் வைத்து, இலைகள் நிறைந்த மரத்தைப் பின்னணியாக விட்டு, ஆளை ஒன்றரை மீட்டரில் நிறுத்தி முதல் படத்தை எடுங்கள். பின்னால் மங்கிய இலைகள் சுழல்வதுபோல் தெரியும், கண் கூர்மையாக இருக்கும்.