சிறுநீர் டெஸ்ட் இருக்க பயாப்ஸி எதற்கு?

கேள்வி: டாக்டர், எனக்கு 62 வயது. ரத்தத்தில் பிஎஸ்ஏ 6.2 என்று வந்திருக்கிறது. பயாப்ஸி எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார்கள். ஊசி என்றாலே எனக்கு நடுக்கம். சிறுநீரை வைத்தே புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாமாமே, அதைச் செய்துகொண்டு பயாப்ஸியை விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது ஐயா. பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஊசி விட்டுத் துணுக்கு எடுப்பார்கள் என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் முதலில் அந்த 6.2-ஐப் பார்ப்போம். பிஎஸ்ஏ புற்றுநோய் மட்டும் சுரக்கிற பொருள் இல்லை, புராஸ்டேட் சுரப்பி எப்போதுமே சுரக்கிற புரதம்தான். வயதாகிச் சுரப்பி வீங்கினாலும் அது ரத்தத்தில் கூடும், சிறுநீரில் கிருமித் தொற்று வந்தாலும் கூடும். 4-க்கும் 10-க்கும் நடுவே இருக்கிறவர்களுக்குப் பயாப்ஸி செய்து பார்த்தால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது, மற்ற மூன்று பேர் வீணாக ஊசி வாங்கியவர்கள். அந்த மூன்று பேரில் முடிந்தவரை பலரை முன்கூட்டியே பிரித்தெடுக்கத்தான் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனைகள் வந்தன.

சிறுநீருக்கும் புராஸ்டேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றிக் கழுத்துப்பட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது அந்தச் சுரப்பி. அதன் நுண்குழாய்கள் அந்தக் குழாய்க்குள்தான் திறக்கின்றன. அதனால் சுரப்பியிலிருந்து உதிரும் செல்களும், செல்கள் வெளியே விடும் எக்ஸோசோம் என்கிற மிகச் சிறிய பைகளும் சிறுநீரோடு கலந்து வருகின்றன. அவற்றுக்குள் இருக்கும் ஆர்என்ஏவை, அதாவது வேலை செய்கிற மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலைப் படித்தால் உள்ளே எந்த மரபணு அடங்கிக் கிடக்கிறது, எது துள்ளுகிறது என்று ஓரளவு தெரியும்.

இப்படி வந்ததில் மூத்தது பிசிஏ3. புற்றுநோய் செல்களில் இந்த ஆர்என்ஏ சாதாரண செல்லைவிடப் பல மடங்கு அதிகம், சுரப்பி வெறுமனே வீங்கியிருந்தால் கூடுவதில்லை. வெறும் வீக்கத்துக்கும் கூடிவிடுவதுதான் பிஎஸ்ஏவின் பெரிய குறை என்பதால் இது நல்ல துணையாக வந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-இல் இதற்கு அனுமதி கொடுத்தது, ஆனால் யாருக்கு என்று கவனியுங்கள்: ஏற்கெனவே பயாப்ஸி செய்து ஒன்றும் அகப்படாமல், மறுபடி செய்யலாமா என்று யோசிக்கிற 50 வயது தாண்டியவர்களுக்கு. இன்னொன்று, 2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த டிஎம்பிஆர்எஸ்எஸ்2-இஆர்ஜி இணைவு. இரண்டு மரபணுக்கள் அறுந்து தவறாக ஒட்டிக்கொள்வது இது. புராஸ்டேட் புற்றுநோய்களில் கிட்டத்தட்டப் பாதியில் இருக்கிறது, மீதிப் பாதியில் இல்லை. அதனால் தனியாக நம்ப முடியாது, பிசிஏ3, பிஎஸ்ஏ இரண்டோடும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். எக்ஸோடிஎக்ஸ், செலக்ட்எம்டிஎக்ஸ் என்றெல்லாம் கேள்விப்படுவதும் இதே வழியில் வந்தவைதான்.

இவை எதுவும் “புற்றுநோய் உண்டு”, “இல்லை” என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரு எண் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த எண் சொல்வது, இப்போது பயாப்ஸி செய்தால் புற்றுநோய் அகப்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை. எக்ஸோடிஎக்ஸ் மாதிரிப் புதியவை கவலைப்பட வேண்டிய வகை அகப்படும் வாய்ப்பைச் சொல்லும், அதாவது மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயின் வீரியத்துக்குப் போடும் கிளீசன் மதிப்பெண்ணில் 7-ம் அதற்கு மேலும். எக்ஸோடிஎக்ஸ் பற்றி 2016-இல் வந்த ஆய்வில், எண் குறைவாக வந்தவர்களில் 100-க்கு 91 பேருக்கு அந்த வகை இல்லை. பெரிய ஆறுதல்தான், ஆனால் மீதி 9 பேரும் ஆட்கள்தானே. எனவே எண் குறைவு என்றால் பயாப்ஸியைத் தள்ளிப்போடலாம், கண்காணிப்பை விட்டுவிடக் கூடாது. எண் அதிகம் என்றால் பயாப்ஸி வேண்டும், ஏனென்றால் நோய் இருக்கிறதா, எந்த வகை, எவ்வளவு வீரியம் என்பதைத் துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், தொற்று எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சில வாரம் கழித்து பிஎஸ்ஏவை மறுபடி பார்ப்பேன், பல பேருக்கு அதிலேயே இறங்கிவிடும். இறங்காவிட்டால் எம்ஆர்ஐ. அதிலும் குழப்பம் என்றால்தான் சிறுநீர் டெஸ்ட்டைப் பற்றிப் பேசுவேன். அப்புறம் ஒன்று, வீக்கத்துக்கு ஃபினாஸ்டிரைடோ டூட்டாஸ்டிரைடோ சாப்பிடுகிறீர்களா? மாதக்கணக்கில் சாப்பிட்டால் பிஎஸ்ஏ ஏறக்குறையப் பாதியாகக் காட்டும், அப்போது உங்கள் 6.2 உண்மையில் 12-ஐ ஒட்டியது. மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு வருடாவருடம் சாதாரண யூரின் டெஸ்ட் எடுக்கிறோம், எப்போதும் நார்மல்தான். அப்படியென்றால் புராஸ்டேட் புற்றுநோய் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. அந்த டெஸ்ட் சர்க்கரை, புரதம், சீழ் செல், ரத்தம் இவற்றைத்தான் பார்க்கிறது. புராஸ்டேட் புற்றுநோயைப் பற்றி அது வாயே திறக்காது.

கேள்வி: நாளை எனக்கு பிசிஏ3-க்குச் சிறுநீர் எடுக்கிறார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

பதில்: வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகலாம், சிறுநீரை மட்டும் அடக்கி வைத்துக்கொண்டு போங்கள். முதலில் டாக்டர் கையுறை போட்டு ஆசனவாய் வழியாக விரல் விட்டு, சுரப்பியின் இரண்டு பக்கத்தையும் பக்கத்துக்கு மூன்று தடவை கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பார். கூச்சமாக இருக்கும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. அப்படிச் செய்தால்தான் போதுமான செல்கள் குழாய்க்குள் உதிரும். எக்ஸோடிஎக்ஸுக்கு மட்டும் இது தேவையில்லை.

அடுத்த படியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சென்ற மாதம் என்னிடம் வந்த பெரியவர் ஒருவர் கழிவறையிலிருந்து கப்பை நிறைத்துக்கொண்டு திருப்தியாக வந்து நின்றார். முதலில் வந்ததை என்ன செய்தீர்கள் என்றேன். “அதை விட்டுட்டுத்தானே டாக்டர் பிடிக்கணும், எப்பவும் அப்படித்தானே சொல்வாங்க” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. தொற்றுக்குப் பார்க்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லி இத்தனை வருஷம் பழக்கியது நாங்கள்தான். இங்கே நேர்மாறு. குழாயில் உதிர்ந்து கிடப்பதை அள்ளிக்கொண்டு வருவது அந்த முதல் 20, 30 மில்லிதான், அது கழிவறையில் போய்விட்டால் டெஸ்ட்டும் போச்சு. பாவம், இன்னொரு நாள் வந்து எல்லாவற்றையும் மறுபடி பொறுத்துக்கொண்டார். பிடித்தவுடன் கையில் வைத்துக்கொண்டு நிற்காமல் கொடுத்துவிடுங்கள், ஆர்என்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும், அதற்கான திரவம் இருக்கிற குழாய்க்கு உடனே மாற்ற வேண்டும்.

கேள்வி: “ஒரு சொட்டுச் சிறுநீரில் 100 சதவீதம் கண்டுபிடிக்கலாம்” என்று அடிக்கடி செய்தி வருகிறதே, நம்பலாமா? நாய்கூட மோப்பம் பிடிக்குமாமே?

பதில்: நாய் விஷயம் உண்மைதான். 2015-இல் இத்தாலியில், பழக்கிய இரண்டு ஜெர்மன் ஷெப்பர்டுகள் சிறுநீரை மோந்து வியக்கும்படி சரியாகப் பிரித்துக் காட்டின. அதை ஆஸ்பத்திரி வேலையாக மாற்றுவது வேறு கதை. அந்த வாசனை எந்த வேதிப்பொருளால் வருகிறது என்று தேடுகிறார்கள், எனக்கும் அதில் ஆர்வம் உண்டு.

நூறு சதவீதச் செய்திகளைக் கண்டால் எனக்கு சார்க்கோசின்தான் ஞாபகம் வரும். 2009-இல் ‘நேச்சர்’ இதழில், சிறுநீரில் இருக்கும் இந்தச் சின்னப் பொருள் நோய் முற்றுவதைக் காட்டும் என்று கட்டுரை வந்தபோது நாங்களெல்லாம் துள்ளிக் குதித்தோம். அடுத்த வருஷமே வேறு குழுவினர் செய்து பார்த்தார்கள், அவர்களுக்கு அந்த வித்தியாசம் அகப்படவில்லை. முதல் ஆட்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை, வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு கருவியில் செய்தாலும் அதே விடை வர வேண்டும், அதுவரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: என் அண்ணனுக்கு கிளீசன் 6. சிகிச்சை வேண்டாம், கண்காணித்தால் போதும் என்று சொல்லி இரண்டு தடவை பயாப்ஸி ஆகிவிட்டது. இனிமேலாவது சிறுநீர் டெஸ்ட்டை வைத்துக் கண்காணிக்கக் கூடாதா?

பதில்: உங்கள் அண்ணனுக்குச் சிகிச்சை அவசரமில்லை என்று சொன்னது சரியான முடிவு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளீசன் 6 மெதுவாக நகர்கிற வகை. ஆனால் கண்காணிப்பில் சிறுநீர் டெஸ்ட் இன்னும் பயாப்ஸியின் இடத்துக்கு வரவில்லை. புற்றுநோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்த ஆளிடம் நாம் கேட்கும் கேள்வி “இருக்கிறதா” என்பது இல்லை, “வீரியம் ஏறிவிட்டதா” என்பது. பிசிஏ3 அதற்குத் தெளிவாகப் பதில் சொல்வதில்லை. இப்போதைக்கு பிஎஸ்ஏ, விரல் பரிசோதனை, எம்ஆர்ஐ, அவசியமான இடைவெளியில் பயாப்ஸி, இவைதான். எம்ஆர்ஐயும் பிஎஸ்ஏவும் அசையாமல் இருந்தால் அடுத்த பயாப்ஸியைத் தள்ளிவைக்கலாமா என்று அண்ணனின் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள், அப்படிக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: அப்பாவுக்குப் புராஸ்டேட்டையே எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கும்போது நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திக் கை வீங்கிவிடுகிறது. அவருக்காவது சிறுநீர் டெஸ்ட் உதவுமா?

பதில்: படிக்கவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உதவாது. சுரப்பியை எடுத்தாயிற்று, குழாய்க்குள் செல்களை உதிர்க்க அங்கே எதுவும் இல்லை. நோய் எங்காவது எலும்பிலோ நிணநீர்க் கணுவிலோ மிச்சம் இருந்தாலும் அது சிறுநீரில் வந்து காட்டிக்கொடுக்காது. பிஎஸ்ஏவைக் குறை சொல்லியே இத்தனை நேரம் எழுதினேன், அப்பாவின் விஷயத்தில் அதைவிட நல்ல காவல்காரன் கிடையாது. சுரப்பி இல்லாத உடம்பில் அது அளவிட முடியாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், 0.2-ஐத் தொட்டு, மறுபடி பார்த்தபோதும் அப்படியே இருந்தால் நோய் திரும்புகிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைத் தொடங்குவார்கள். பிஎஸ்ஏவுக்கும் வெறும் வயிறு தேவையில்லை, அதனால் ரத்தம் எடுக்கிற நாளில் காலையில் அப்பாவை நிறையத் தண்ணீர் குடிக்க வையுங்கள், கையைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான துணியால் சுற்றி வையுங்கள், நரம்பு மேலே தெரியும். சிறு ஊசியால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், எடுத்துத் தருவார்கள்.