மீன் தொட்டி புழு மனை அல்ல

கேள்வி: பென்னாகரம் பக்கம் இரண்டு ஏக்கர் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். மகன் ஆசைப்பட்டதால் ஆறு மாதம் முன்பு மூன்றடித் தொட்டி வாங்கி, ஆப்பிரிக்க சிக்லிட் மஞ்சள் எட்டு, நீலம் நான்கு விட்டோம். ஞாயிறுதோறும் தொட்டியைக் காலி செய்து, ஃபில்டர் ஸ்பாஞ்ச் வரை பளிச்சென்று கழுவி, ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் நிரப்புகிறோம். மாதம் ஒருமுறை பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்க்கிறோம். ஆனாலும் நான்கு செத்துவிட்டன. இப்போது ஒரு மஞ்சள் மீன் பத்து நாளாகத் தீனி எடுக்கவில்லை, தாடை வீங்கியிருக்கிறது. கடைக்காரர் நீல மருந்து கொடுத்தார். கூடவே ஒரு ஆஸ்கர், இரண்டு ஏஞ்சல், ஒரு டேங்க் கிளீனர் விட்டால் சண்டை குறையும் என்கிறார். விடலாமா? வேறு எது ஒத்துப்போகும்?

பதில்: சகோதரி, முதலில் அந்த மருந்து பாட்டிலை எடுத்து ஓரமாக வையுங்கள். தாடை மட்டும் புடைத்து, எதையோ மெல்வது போல வாயை அசைத்துக்கொண்டு, கல் இடுக்கில் ஒதுங்கி நிற்கிறதா? அப்படியானால் அது நோய் இல்லை, வாய் நிறைய முட்டை. உங்கள் மீன்கள் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறை மீன்கள். இவற்றில் தாய் முட்டையிட்டதும் வாயில் அள்ளிக்கொள்ளும். ஏறக்குறைய மூன்று வாரம் பட்டினி கிடந்து, குஞ்சானதும்தான் வெளியே விடும். நம் ஏரியில் கிடைக்கும் ஜிலேபி, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, அதுவும் இதே குடும்பம், அதுவும் வாயில்தான் அடைகாக்கும். நான்காம் தோலுரிப்பில் புழு தலையைத் தூக்கிக்கொண்டு இலை எடுக்காமல் கிடக்கும்போது நீங்கள் மருந்தா தெளிக்கிறீர்கள்? வலை போட்டுத் துரத்தாதீர்கள், பயந்தால் துப்பிவிடும். தாடை வீங்காமல் வயிறு உப்பி, கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினால் அது வேறு விஷயம், உடனே எழுதுங்கள்.

எந்த மீன் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்த நான்கு ஏன் போயின என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை.

புழு மனையில் ஒரு கிருமி கூடாது. ஒரு பருவம் முடிந்ததும் பிளீச்சிங், சுண்ணாம்பு என்று கழுவித்தான் அடுத்த பருவத்துக்குப் புழுவை உள்ளே விடுவீர்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே தொட்டிக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். தொட்டியில் கதை தலைகீழ். மீன் கழிவிலிருந்து வருவது அமோனியா. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிப் போடும் நுண்ணுயிர்கள் அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஏழு நாளுக்கு ஒருமுறை காலி செய்கிறீர்கள். மல்பெரிக்கு அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம் போட்டுவிட்டு மறுநாளே யாராவது பிளீச்சிங் தண்ணீர் பாய்ச்சுவார்களா?

மீன்கள் எந்தக் கிழமை செத்தன என்று மகனைக் கேளுங்கள். ஞாயிறு இரவு, திங்கள் என்றால் குழாய்த் தண்ணீரின் குளோரின் மேல்தான் முதல் சந்தேகம். வியாழன், வெள்ளி என்றால் அமோனியா. நான் தொட்டி வைத்த புதிதில் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று துவைத்துப் போட்டேன். அந்த வாரக் கடைசியில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. அதிலிருந்து, பழுப்பாக வழவழவென்று இருக்கும் ஸ்பாஞ்சை யார் அழுக்கு என்றாலும் எனக்குக் கோபம் வரும்.

இனி வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாம், அதில் நைட்ரேட் இருக்கிறது. ஸ்பாஞ்சை அதே தொட்டித் தண்ணீரில், வாளியில் வைத்து இரண்டு பிழி பிழிந்தால் போதும். பிளீச்சிங் பவுடர் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. ஒகேனக்கல் தண்ணீர் என்றால் அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். குடத்தில் வெள்ளைப் படிவு கட்டும் போர் தண்ணீர் இருந்தால் இன்னும் விசேஷம். நம் மாவட்டத்து ஃபுளோரைடு நீர் நமக்குக் குடிக்க ஆகாதுதான். ஆனால் உப்பும் காரமும் சேர்ந்த தண்ணீர்தான் மலாவி மீனுக்குப் பழக்கம். அந்த ஏரியிலேயே பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, எட்டை ஒட்டி இருக்கும். இதில் ஒரு எச்சரிக்கை: பிஎச் ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால் அமோனியாவின் நஞ்சு சுமார் 10 மடங்கு கூடும். ஸ்பாஞ்சைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதும் அதனால்தான்.

சரி, கூட விடும் மீன் விஷயத்துக்கு வருவோம். ஆஸ்கர் ஒரு அடி வளரும், வாயில் அடங்குவதையெல்லாம் விழுங்கும். ஏஞ்சல் அமேசான் மீன், மென்னீர்க்காரன். நீளத் துடுப்போடு மெல்ல நீந்தும் அதை உங்கள் நீல மீன்கள் ஒரே வாரத்தில் கந்தலாக்கிவிடும். டேங்க் கிளீனர் விரலளவில் அழகாக இருக்கும், பிறகு அதுவும் ஓரடியைத் தாண்டும். பெருத்த பிறகு ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள், அது அதைவிடப் பெரிய தப்பு. மூன்றடித் தொட்டிக்கு இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்பவர் அடுத்த மாத மருந்து வியாபாரத்துக்கு இப்போதே முன்பணம் வாங்குகிறார். அந்த நீல மருந்தும் ஸ்பாஞ்சில் இருக்கும் நுண்ணுயிரைக் கெடுக்கும். மருந்தால் அமோனியா ஏறும், மீன் வாடும், நீங்கள் மறுபடி அதே கடைப் படி ஏறுவீர்கள்.

இருக்கும் எட்டே போதும். இரண்டு மாதம் ஒன்றும் சாகாமல் போனால், மீசை வைத்த பிரிசில்நோஸ் சக்கர் ஒன்று விடலாம், அது நாலைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். வெந்நீரில் முக்கிய மல்பெரி இலை கொடுத்துப் பாருங்கள். மருந்து வாடை படாத இலை உங்களைப் போலப் புழு வளர்ப்பவர்களிடம்தான் கிடைக்கும். சினோடான்டிஸ் கெளுத்தியும் ஒத்துப்போகும், வண்ண மீன் சந்தை இருக்கும் சென்னை கொளத்தூர் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.

சண்டை குறைய மீனைவிடக் கல்தான் உதவும். நீலத்தில் இரண்டு ஆண் இருந்தால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிருஷ்ணகிரி சாலையோரம் கிரானைட் துண்டு எக்கச்சக்கமாகக் கிடக்கும், அறுத்த கூர்முனை வேண்டாம், காட்டுக் கல்லே நல்லது. மணலுக்கு மேல் வைக்காதீர்கள், இந்த மீன் தோண்டும். கல்லை அடிக் கண்ணாடியில் நிறுத்தி, பிறகு மணலைக் கொட்டுங்கள். வாயில் இருக்கும் குஞ்சுகளுக்கும் நாளைக்கு அந்த இடுக்குதான் வீடு.

பாட்டிலின் சீல் உடைக்காமல் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தக் காசுக்கு இன்னொரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி மாட்டுங்கள். ஒரு வாரம் ஒன்றைப் பிழிந்தால், அடுத்த வாரம் மற்றதை.