ஹிஜாமா செய்துகொள்ளலாமா? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் யுனானி மருத்துவரின் பதில்களும்

சிவாஜிநகர், டேனரி ரோடு, ஃபிரேசர் டவுன் பக்கம் நடந்தால் ஹிஜாமா (தோலில் கப் வைத்து உறிஞ்சி, லேசாகக் கீறி ரத்தம் எடுக்கும் கப்பிங் சிகிச்சை) போர்டு ஒன்றாவது கண்ணில் படாமல் இருக்காது. கேள்விகள் இத்தனை வந்ததில் ஆச்சரியமில்லை. நான் சென்னை அரும்பாக்கம் அரசு யுனானி கல்லூரியில் படித்துவிட்டு, இங்கே மாகடி ரோடு கொட்டிகேபாளையாவில் இருக்கும் தேசிய யுனானி மருத்துவ நிறுவனத்தில் மேற்படிப்பு முடித்தவள். கப்பிங், அட்டை விடுதல், மசாஜ் மாதிரியான சிகிச்சைகள்தான் என் பாடம். பிழைப்பே இதுதான் என்பதற்காகக் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

மாரத்தஹள்ளி, ஐடி வேலை: மேடம், லேப்டாப் முன்னால் உட்கார்ந்தே கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப் போய்விட்டது. ஹிஜாமா உதவுமா? உள்ளே என்னதான் செய்வார்கள்? பிளேடு என்றாலே பயம்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், பாதி பயம் போய்விடும். குப்புறப் படுக்க வைத்து, வலிக்கிற இடத்தைக் கிருமிநாசினியால் துடைப்போம். பிளாஸ்டிக் கப்பை வைத்துக் கைப்பம்பால் இரண்டு மூன்று முறை இழுத்தால் தோல் கப்புக்குள் மேடாக எழும்பிச் சிவக்கும். மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே விடுவோம். பிறகு கப்பை எடுத்து, அந்தச் சிவந்த வட்டத்துக்குள் அறுவை பிளேடின் நுனியால் வரிசையாகச் சின்னச் சின்னக் கீறல்கள். பூனை நகம் பட்டால் எப்படி இருக்குமோ அவ்வளவுதான் ஆழம். தையல் தேவைப்படுகிற ஆழம் என்றால் அது தப்பான கை. மறுபடி கப் வைத்ததும் ரத்தம் முத்து முத்தாகக் கசிந்து கப்பின் அடியில் சேரும். இரண்டு மூன்று சுற்று போதும். துடைத்து, மருந்து வைத்துக் கட்டிவிடுவோம். முதுகில் வட்டத் தடம் ஒன்றிரண்டு வாரம் இருக்கும்.

பலன் உண்டா? கழுத்து வலி, இடுப்பு வலிக்குக் கொஞ்ச நாள் ஆறுதல் கிடைப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். அது மட்டுமில்லை, மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம், முதுகில் கீறல் விழுந்ததா இல்லையா என்பதை நோயாளியிடம் மறைக்க முடியாதே! எனவே எவ்வளவு கப்பால், எவ்வளவு நம்பிக்கையால் என்று பிரிப்பது கஷ்டம். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு வலி குறைகிறது. ஸ்கிரீன் உயரத்தை மாற்றாதவர்களுக்கு அதே வலி திரும்பியும் வருகிறது. கை மரத்துப் போவது, பிடி தளர்வது, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் கப்பிங்குக்கு வராதீர்கள். நேராக எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் போங்கள்.

டேனரி ரோடு, பேக்கரிக்காரர்: எனக்குச் செய்தபோது கறுப்பாக, ஜெல்லி மாதிரி கட்டி கட்டியாக வந்தது. கெட்ட ரத்தம் முழுக்க வெளியே போய்விட்டது என்றார்கள். உடம்பே லேசானது டாக்டர். உண்மைதானே?

லேசானது உண்மை பாய். கெட்ட ரத்தம் என்பதுதான் இடிக்கிறது.

கப் உறிஞ்சும்போது அந்த இடத்து நுண்குழாய்களில் ரத்தம் தேங்கி நிற்கும். ஆக்சிஜனை இழந்த ரத்தம் கருஞ்சிவப்பாகத்தான் தெரியும். குழாயை விட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் கப்பில் கிடந்தால் உறையத்தான் செய்யும். விரலில் வெட்டிக்கொண்டால் உறைகிறதே, அதே வேலைதான். உங்கள் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் கெட்டது மட்டும் முதுகில் ஓர் இடத்தில் வந்து நின்றுகொண்டு பிளேடுக்குக் காத்திருக்காது. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

யுனானி நூல்களில் ரத்தம், சளி, பித்தம், கரும்பித்தம் என்று உடலில் நான்கு திரவங்கள். அதில் ஒன்று மிஞ்சினால் திருப்பிவிட வேண்டும், வெளியேற்ற வேண்டும் என்ற கணக்கு உண்டு. பண்டைய கிரேக்க மருத்துவர்கள் ஹிப்போகிரட்டீஸ், கேலன் காலத்திலிருந்து வந்த சிந்தனை அது. நான் பரீட்சையில் எழுதியதும் அதுதான். அந்தக் காலத்தில் நோயைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு இருந்த வழி அது. இன்று அதையே லேப் ரிப்போர்ட் மாதிரி எடுத்துக்கொண்டு, கப்பைத் தூக்கிக் காட்டி, “பாருங்க எவ்வளவு விஷம்” என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. கப்போடு போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களும் கொஞ்சம் நிறுத்தினால் நல்லது.

அல்சூர்: அம்மாவுக்கு 67 வயது. எட்டு மாதம் முன்பு ஸ்டென்ட் வைத்தோம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்கு ஹிஜாமா செய்யப் போன இடத்தில், “மாத்திரையை நாலு நாள் நிறுத்திவிட்டு வாங்க” என்றார்கள். நிறுத்தலாமா அக்கா?

நிறுத்தவே கூடாது. அந்த இரண்டு மாத்திரையும் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காக்கின்றன. நடுவில் விட்டால் அடைத்துக்கொண்டு மாரடைப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. முழங்கால் வலிக்காக எடுக்கிற ரிஸ்க் இல்லை இது.

மாத்திரையோடே செய்துவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ரத்தம் எளிதில் நிற்காது, நான் செய்ய மாட்டேன். கீறாமல் வைக்கும் வெறும் கப்புகூட இவருக்குப் பெரிய ரத்தக்கட்டாக மாறும். வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி, தொடைத் தசைக்கான பயிற்சி இவையே அம்மாவுக்குப் போதும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், பிறவியிலேயே ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் என் பதில் “வேண்டாம்” என்பதுதான்.

ஶ்ரீராம்புரம், கல்லூரி மாணவி: முடி ரொம்பக் கொட்டுகிறது, எப்போதும் அசதி. மாதாமாதம் தலையில் ஹிஜாமா செய்யச் சொல்கிறார்கள். ஹீமோகுளோபின் 9.2.

உன் கேள்வியிலேயே பதில் இருக்கிறதும்மா. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் முடி கொட்டும், அசதியும் வரும். இருக்கிற ரத்தத்தையும் மாதாமாதம் எடுத்தால் இரண்டும் கூடும். திரும்பத் திரும்ப ஹிஜாமா செய்தே ரத்தசோகை வந்தவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு பார். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று மருத்துவரிடம் சொல்.

பனசங்கரி: இது முஸ்லிம்களின் வைத்தியம்தானே? எங்கள் வீட்டில் தயங்குகிறார்கள்.

நபிமொழியில் இடம் இருப்பதால் முஸ்லிம்களிடம் அது தனி மரியாதையோடு தங்கியிருக்கிறது. மற்றபடி எல்லோர் வீட்டுச் சரக்குதான். பண்டைய ஆயுர்வேத மருத்துவர் சுசுருதர் மாட்டுக் கொம்பு, சுரைக்குடுவை, அட்டை மூன்றையும் வைத்து ரத்தம் எடுப்பதை எழுதியிருக்கிறார். நம் சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 என்று சொல்வார்களே, அதில் கொம்பு கட்டல், குருதி வாங்கல், அட்டை விடல் மூன்றும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் பார்த்த ஊதா வட்டங்கள் கீறாமல் வைத்த கப்பால் வந்தவை.

ஆர்.டி. நகர்: இஸ்லாமிய மாதத்தில் பிறை 17, 19, 21-இல் செய்தால்தான் பலன் என்கிறார்கள். நோன்பில் செய்யலாமா?

சுன்னத், அதாவது நபிவழி, என்று அந்த நாட்களில் செய்ய விரும்பினால் செய்யுங்கள், அது உங்கள் ஈமான் (இறைநம்பிக்கை) விஷயம். மருத்துவக் கணக்கில் மற்ற நாளுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு கவனம்: அந்த நாட்களில் கூட்டம் அலைமோதும். அவசரத்தில் சுத்தம் குறையும் இடம் எதுவோ, அங்கே வேறு நாள் போங்கள். நோன்பு நோற்றுக் காய்ந்த வயிற்றோடு செய்தால் மயக்கம் வரும். இஃப்தாருக்குப் பிறகு, தண்ணீர் குடித்துத் தெம்பானதும் வைத்துக்கொள்ளலாம்.

லிங்கராஜபுரம்: சரி, நல்ல இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் தெருவில் ஒருவர் வீட்டுக்கே வந்து செய்கிறார், விலையும் குறைவு.

இதை எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு உறை உங்கள் எதிரில் கிழிக்கப்பட வேண்டும். கப் புதிதாக இருக்க வேண்டும். “உங்க பேர் எழுதித் தனியா வச்சிருக்கோம், டெட்டாலில் கழுவிட்டோம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது.

அப்புறம் குப்பையைப் பாருங்கள். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் கப் சிவப்புப் பையில், பிளேடு குத்தினாலும் துளையாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் அதையெல்லாம் எங்கே போடுவார்? உங்கள் தெருமுனையில் குப்பை பிரிக்கும் பௌரகார்மிகரின் (துப்புரவுப் பணியாளரின்) கையில்தான் அந்த பிளேடு குத்தும்.

செய்கிறவர் பதிவு பெற்ற மருத்துவரா, கிளினிக்கில் கேபிஎம்இ (கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான) பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அதுவே பதில். வார இறுதிப் பயிற்சியில் வாங்கிய சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பவர்கள் நிறைய. சுகர், கேன்சர், குழந்தையின்மை எல்லாம் தீரும் என்று போர்டிலேயே போட்டிருந்தால் படியேறவே வேண்டாம்.

கே.ஆர். புரம்: ஹிஜாமா செய்துகொண்டால் சுகர் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கீறலே ஆறாது. காலில் கப் வைக்கவே விடாதீர்கள்.

ஜெயநகர்: சொரியாசிஸ் இருக்கிறது.

அந்தத் தோல் நோயில் காயம்பட்ட இடத்திலேயே புதிய படை கிளம்பலாம். செய்யாதீர்கள். தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்களுக்கும் இதே பதில்.

ஹெப்பால்: ரத்தம் எடுப்பதுதான் நல்லது என்றால் ரத்ததானம் கொடுத்துவிடலாமே?

கொடுங்கள், அதில் இன்னொருவர் பிழைப்பார். ஆனால் ஹிஜாமா செய்த பிறகு உடனே கொடுக்க முடியாது. பச்சை குத்தியவர்களை ரத்த வங்கியில் ஓராண்டு காக்க வைப்பது வழக்கம். தோலைக் கீறியதையும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

மர்ஃபி டவுன்: செய்த அன்று மட்டன் பிரியாணி சாப்பிடலாமா? குளிக்கலாமா?

எங்கள் பெரியவர்கள் அன்று ஒரு நாள் கறி, பால் வேண்டாம் என்பார்கள். அறிவியல் காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது, வயிறு லேசாக இருந்தால் நல்லது, அவ்வளவுதான். செய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கீறல் மூடும்வரை, அதாவது மறுநாள்வரை, குளிக்காதீர்கள். ஜிம், நீச்சல் இரண்டு நாள் கழித்து. இடம் சூடாகி, வீங்கி, சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ களிம்பு தடவிக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பிரியாணி அடுத்த நாள்.