விலை குறைந்த காரும் விலை குறையாத உதிரிப்பாகமும்

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய காசில், பதினைந்து வருடம் பழைய ஜெர்மன் சொகுசுக் கார் ஒன்றைக் கொழும்பில் வாங்கினேன். சிறிய ஜப்பான் காரைவிட மலிவாகக் கிடைத்தது. இப்போது விடிந்தால் முன்பக்கம் ஒருபுறமாகச் சரிந்து நிற்கிறது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காரைத் தாங்கும் காற்றுப்பையையும் அதற்குக் காற்றடிக்கும் கொம்பிரசரையும் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். விலையைக் கேட்டுவிட்டுக் கொம்பிரசரை மட்டும் மாற்றினோம். சில மாதங்களில் அதுவும் எரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இந்த வாகனங்கள் தெரிந்த மெக்கானிக் இல்லையா? கொழும்புக்குக் கொண்டுபோகவா, விற்றுவிடவா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: உங்கள் மெக்கானிக் சரியாகத்தான் சொன்னார். நீங்கள்தான் பாதியைக் கேட்டுப் பாதியை விட்டீர்கள். காற்றுப்பை றப்பரால் ஆனது. வருடம் போகப்போக அதில் வெடிப்பு விழும். இரவில் காற்று கசிந்து கார் இறங்குகிறது. அதைத் திரும்பத் தூக்கக் கொம்பிரசர் அளவுக்கு மீறி ஓடுகிறது, சூடேறுகிறது, எரிகிறது. கசிவை அப்படியே விட்டு எத்தனை கொம்பிரசர் போட்டாலும் அத்தனையும் எரியும்.

பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓடவைத்த கராஜ்கள் இந்த ஊரில் இருந்தன. அவர்களிடம் பழகிய கைகளைப் பார்த்துத் தெரியாதவர்கள் என்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. உங்கள் வாகனத்துக்கு உரிய ஸ்கேனர், அதாவது காரின் கணினியில் பதிந்த பழுதுகளை வாசிக்கும் கருவி, இருக்கிறதா என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி. இல்லாவிட்டால் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஆனால் இறங்கிய காரைக் கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓட்டிப் போகாதீர்கள்.

நீங்கள் ஏன் இதை வாங்கினீர்கள் என்பதும் விளங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் பழைய ஜப்பான் கார்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பெரிய கார் மலிவாகத் தெரிந்தது. கார்தான் மலிந்தது. அதன் உதிரிப்பாகங்கள் இன்னும் புதுச் சொகுசுக் காருக்குரிய உதிரிப்பாக விலையிலேயே நிற்கின்றன.

வைத்திருப்பதானால் முன்பக்கக் காற்றுப்பைகள் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று போயிருந்தால் அதே வயதுள்ள மற்றதும் போகும். கொம்பிரசரோடு, அதற்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் ரிலேயையும் மாற்றச் சொல்லுங்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில், வேறு காரில் கழற்றிய பை மலிவாகக் கிடைக்கும். அதுவும் வயதான றப்பர்தான், வேண்டாம். இயந்திரத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஓடும் பிளாஸ்ரிக் பாகங்களையும் பாருங்கள். அவை நொறுங்கி இயந்திரம் சூடேறினால் அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளையும். அந்தச் செலவின் முன் காற்றுப்பை ஒன்றுமேயில்லை. கியர் பெட்டி ஒயிலை ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல ஜெர்மன் கார்களுக்குக் கியர் பெட்டி செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது.

இவ்வளவையும் செய்துவிட்டு, இதே அளவு காசு இன்னொரு தடவைக்கும் உங்கள் கையில் இருக்குமா? மகனிடம்தான் கேட்க வேண்டும் என்றால் விற்றுவிடுங்கள். அந்தப் பிள்ளை அங்கே இரவு பகலாக உழைப்பது கொம்பிரசர் வாங்கவா? விற்கும்போது புதிய கொம்பிரசரின் பற்றுச்சீட்டை மட்டும் காட்டாதீர்கள். பை கசிவதைச் சொல்லி, அதற்குரிய தொகையை விலையில் குறைத்துக் கொடுங்கள்.