காட்டுத்தீயில் வீடு முழுதும் போய்விட்டால் உதவி எங்கே கேட்பது? மறுபடி கட்டுவது எப்படி?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் என் தம்பியின் வீடு காட்டுத்தீயில் முழுதும் எரிந்துவிட்டது. அவன், மனைவி, குழந்தை மூவரும் பத்திரம். இனி யாரிடம் உதவி கேட்பது, எங்கிருந்து தொடங்குவது? ஊரில் இருக்கும் நாங்கள் என்ன செய்யலாம்?

நாங்களும் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள ஆல்டடீனாவில் வீடு இழந்த குடும்பம்தான். 2025 ஜனவரி 7 அன்று மாலை பக்கத்து ஈட்டன் கேன்யன் பள்ளத்தாக்கில் பிடித்த தீ விடிவதற்குள் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. 19 பேர் இறந்தார்கள். 9,400க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. மூவரும் பத்திரம் என்று படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. மற்றதெல்லாம் நாள் எடுக்கும், ஆனால் திரும்பக் கிடைக்கும். உதவியும் நிறைய இருக்கிறது. கெடு தேதிக்குள், எழுத்தில் கேட்டால்தான் அது கைக்கு வரும்.

நம் ஆட்களைத் தடுத்த முதல் விஷயம் கூச்சம். நல்ல வேலையில் இருக்கிறோம், நிவாரண வரிசையில் போய் எப்படி நிற்பது என்று தயங்கினார்கள். தம்பியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அரசு திறக்கும் பேரிடர் மீட்பு மையத்துக்கு ஒரு முறையாவது நேரில் போகட்டும். எங்களுக்குப் பாசடீனாவில் திறந்தார்கள். எரிந்துபோன டிரைவிங் லைசென்ஸ், பிறப்புச் சான்றிதழ், சொத்துவரிக் குறைப்பு, ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்புக்கான விண்ணப்பம், குறைந்த வட்டிக் கடன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை. போனில் மணிக்கணக்காகக் காத்திருந்து கிடைக்காத பதில் அங்கே எதிரில் உட்கார்ந்தவரிடம் கிடைத்துவிடும்.

ஃபீமா பற்றி, விசாவில் இருப்பவர்களுக்காக ஒன்று. அதன் பண உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் மட்டும்தான். எச்1பி என்ற வேலை விசா அதில் வராது. ஆனால் வீட்டில் அமெரிக்காவில் பிறந்த குழந்தை இருந்தால், குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் விட்டவர்களை நான் பார்த்தேன். எங்கள் தீயின்போது கெடு முதலில் மார்ச் 10, பிறகு மார்ச் 31 வரை நீட்டினார்கள். நீட்டுவார்கள் என்று நம்பி யாரும் காத்திருக்கக் கூடாது. முதல் கடிதம் 'தகுதியில்லை' என்று வந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம். பெரும்பாலும் இன்சூரன்ஸ் கடிதமோ முகவரிச் சான்றோ சேரவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பெரிய பணம் வருவது இன்சூரன்ஸிலிருந்துதான். பாலிசியின் முழு நகலை எழுத்தில் கேட்டால், கலிபோர்னியாவில் 30 நாளுக்குள் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். சுருக்கப் பக்கம் போதாது, முழுதும் வேண்டும். வீட்டுத் தொகை, பொருட்களின் தொகை, வெளியே தங்கும் செலவு, புதிய கட்டட விதிகளால் கூடும் செலவு எல்லாம் தனித்தனிப் பெட்டி. வீட்டுத் தொகைக்கு மேல் 25 அல்லது 50 சதவீதம் கூட்டித் தரும் பிரிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அறிவிக்கப்பட்ட பேரிடர் என்றால் தங்கும் செலவுக்குச் சட்டப்படி குறைந்தது 24 மாதம் உண்டு, அதில் நான்கு மாதத் தொகையை முன்பணமாகக் கேட்கலாம். இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் அட்ஜஸ்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், எங்களுக்கும் மாறினார்கள். அதனால் ஒவ்வொரு போன் பேச்சுக்குப் பிறகும் 'இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்' என்று ஒரு ஈமெயில் போட்டுவிட்டோம். புதிதாக வந்தவர் அந்தக் கோப்பைத்தான் படித்தார்.

பொருள் பட்டியல் எழுதுவதுதான் மனதை உடைக்கும் வேலை. எங்கள் தீயின்போது இருந்த சட்டப்படி, பட்டியல் இல்லாமலேயே வீட்டுத் தொகையில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,50,000 டாலர், நிறுவனம் தர வேண்டியிருந்தது. அதற்கு மேல் வேண்டுமானால் எழுதித்தான் ஆக வேண்டும். இப்போது என்ன அளவு என்று தம்பி மாநில இன்சூரன்ஸ் துறையிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நாங்கள் சமையலறையில் தொடங்கி அலமாரி அலமாரியாக நினைவில் திறந்தோம். இட்லிக் கொப்பரை, வெட் கிரைண்டர், மூன்று அளவில் குக்கர், மசாலா டப்பா. ஒவ்வொன்றுக்கும் வாங்கிய ஆண்டு, இன்றைய விலை. 'பித்தளைப் பாத்திரங்கள்' என்று ஒரே வரியில் எழுதினால் அவர்கள் ஒரு சின்னத் தொகை போட்டு நகர்ந்துவிடுவார்கள். குத்துவிளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் இவ்வளவு உயரம், இவ்வளவு எடை என்று எழுத வேண்டும். என் மனைவி பாதியில் எழுந்து போய்விடுவாள். மறுநாள் திரும்ப உட்காருவோம். கைகொடுத்தது நவராத்திரிப் படங்கள். வருடாவருடம் கொலுவுக்கு வந்தவர்கள் தங்கள் போனில் எடுத்ததை எல்லோரிடமும் கேட்டு வாங்கினோம். பொம்மைகளுக்குப் பின்னால் சோபா, புத்தக அலமாரி, வீணை, சுவர்க் கடிகாரம் எல்லாம் அப்படியே இருந்தன. கணக்கில் எழுதாத இரண்டு பட்டுப் புடவை கூட ஒரு படத்தில் கிடைத்தது.

நகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நகைக்குச் சில ஆயிரம் டாலர்தான் வரம்பு என்று பாலிசியில் பார்த்துவிட்டுப் பலர் அதை விட்டுவிட்டார்கள். பல பாலிசிகளில் அந்த வரம்பு திருட்டுக்கு மட்டும்தான், தீக்குப் பொருந்தாது. அந்தப் பத்தியை வரி வரியாகப் படிக்கட்டும். கல்யாணப் படத்தில் தெரியும் நகையும் சான்றுதான்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எங்களுக்கு முன்னால் தீயில் வீடு இழந்த மற்ற ஊர்க்காரர்கள். 2017இல் இதே கலிபோர்னியாவின் சான்டா ரோசாவில் காஃபி பார்க் என்ற குடியிருப்பே எரிந்து சாம்பலானது. அங்கே தெருவுக்கு ஒருவர் பொறுப்பெடுத்து, செய்தி சொல்லி, கூட்டம் கூட்டி ஊரை எழுப்பினார்கள். ஆல்டடீனாவில் 'ஆல்டகெதர்' என்ற பெயரில் அக்கம்பக்கத்தவர் சேர்ந்து அதே வழியில் போனோம். 1991 ஓக்லண்ட் தீக்குப் பிறகு தொடங்கிய 'யுனைடெட் பாலிசிஹோல்டர்ஸ்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, வீடு இழந்தவர்களுக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறது, மாதிரிக் கடிதங்கள் தருகிறது. தம்பி வேறெங்கும் போகாவிட்டாலும் இந்த இரண்டு இடத்துக்கும் போகட்டும்: தன் தெருக்காரர்களின் குழு, இந்த அமைப்பு. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன தொகை ஒப்புக்கொண்டார்கள், எந்த வாதம் எடுபட்டது என்று தெரிந்தால் நம் கேள்வி கூர்மையாகும். தனியாகக் கேட்டபோது ஒரு சதுர அடிக்கு அட்ஜஸ்டர் போட்ட தொகை, எங்கள் தெருவில் கட்டக்கூடிய தொகையை நெருங்கவே இல்லை. நாலைந்து வீட்டுக்காரர்கள் உள்ளூர் கான்ட்ராக்டர்களிடம் வாங்கிய மதிப்பீடுகளைச் சேர்த்து வைத்துப் பேசியபோதுதான் அது நகர்ந்தது.

அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். சாம்பல் சூடு ஆறும் முன்பே நிலத்தைக் கேட்டு ஆள் வருவார்கள். எங்கள் பகுதியில் இது எந்த அளவுக்குப் போனதென்றால், கேட்காமலே வந்து அடிமாட்டு விலை பேசுவதைச் சில மாதத்துக்குத் தடுத்து கவர்னர் உத்தரவே போட்டார். கான்ட்ராக்டர் விஷயத்தில் கலிபோர்னியா சட்டம் தெளிவு: முன்பணம் ஒப்பந்தத்தில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதற்கு மேல் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த ஆள் வேண்டாம். லைசென்ஸ் எண்ணை மாநிலத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இடிபாடு அகற்ற அரசுத் திட்டம் இருந்தால் அதில் சேருவதே நல்லது என்பது என் கருத்து. எங்களுக்கு ராணுவப் பொறியாளர் படை செய்தது. அனுமதிப் படிவம் கொடுக்க 2025 ஏப்ரல் 15 வரை நேரம் இருந்தது. சாம்பலோடு மேல்மண்ணையும் ஆறு அங்குலம் எடுத்தார்கள். அதன் பிறகும் ஈயத்துக்கு மண் பரிசோதனை செய்யாமல் கீரைப் பாத்தி போட வேண்டாம். பழைய வீடுகளின் பெயின்டில் ஈயம் இருந்தது. குழந்தை இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கடன் கொடுத்த வங்கி இன்சூரன்ஸ் செக்கில் கூட்டுப் பெயராக வரும், பணத்தைத் தன்னிடம் வைத்துக் கட்டுமானக் கட்டம் கட்டமாகத்தான் விடும். தவணையைத் தள்ளிவைக்கச் சம்மதித்தால், விட்ட தவணைகளைக் கடைசியில் சேர்ப்பார்களா, ஒரே மொத்தமாகக் கேட்பார்களா என்பதை எழுத்தில் வாங்கட்டும். கட்டும்போது புகைபோக்கியிலும் காற்றுத் துளைகளிலும் தணல் புகாத வலை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சுவரை ஒட்டி ஐந்து அடிக்கு எரியும் எதுவும் இல்லாத வெற்றிடம் வேண்டும். எங்கள் தெருவில் பல வீடுகளை எடுத்தது காற்றில் பறந்து வந்த தணல்தான். மறுபடி கட்டாமல் வேறிடத்தில் வாங்குவதற்கும் இன்சூரன்ஸ் தொகையைப் பயன்படுத்தக் கலிபோர்னியா சட்டம் இடம் தருகிறது. அப்படிப் போனவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஊரிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது நிறைய. உங்கள் வீட்டார் அங்கே போய்த் தங்கியபோது எடுத்த படங்கள், வீடியோ கால் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேடி அனுப்புங்கள். அம்மாவோ மாமியாரோ கொஞ்ச காலம் போய் இருக்க முடிந்தால், குழந்தையையும் சமையலையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தம்பியும் மனைவியும் காகித வேலையில் உட்காரலாம். தினமும் 'எப்போது கட்டி முடிப்பாய்' என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். ஊரில் உள்ள நிலத்தின் பத்திரம், பட்டம், மதிப்பெண் சான்றிதழ்களும் எரிந்த வீட்டில்தான் இருந்தனவா என்று கேளுங்கள். எங்களுடையவை எங்கள் வீட்டில்தான் இருந்தன. பத்திரத்துக்குச் சான்றிட்ட நகலைத் தமிழ்நாட்டுப் பதிவுத்துறைத் தளத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். பல்கலைக்கழகச் சான்றிதழ்களுக்குத்தான் ஆள் அலைய வேண்டியிருக்கும். தம்பி பட்டியல் போட்டு அனுப்பட்டும், இந்த அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.