650 ரூபாய் வித்தியாசத்தில் ஒளிந்திருக்கும் 9 லட்சம்

கேள்வி: வணக்கம் சார். வயது 36. கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. கைக்கு வருவது ரூ.95,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு ரூ.22,000. இரண்டு குழந்தைகள், அம்மாவும் எங்களோடு இருக்கிறார். வீட்டுக் கடன் இஎம்ஐ ரூ.28,500. நகைக் கடன் ரூ.2.6 லட்சம். முன்பு வைத்திருந்த ஜீப்பை மாடிஃபை செய்வதற்காக மூன்று வருடத்துக்கு முன் மனைவியின் நகையை வைத்து வாங்கியது அது. ஜீப்பை விற்றாயிற்று, நகையை வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைத்து வருகிறேன். எல்லாச் செலவும் போக மாதம் ரூ.30,000 மிஞ்சும். எஃப்டி-யில் ரூ.5 லட்சம் இருக்கிறது. இப்போதைக்கு ஒரு பழைய சின்ன கார் ஓடுகிறது.

மஹிந்திராவின் தார் ராக்ஸ் டீசல் 4×4 புக் செய்திருக்கிறேன். அதில் எம்எக்ஸ்5 வேரியன்ட் மேனுவல் எடுக்கத்தான் போனேன். டாப் எண்ட் ஏஎக்ஸ்7எல் ஆட்டோமேட்டிக் எடுத்தாலும் இஎம்ஐ-யில் 650 ரூபாய்தான் வித்தியாசம் என்று ஷோரூமில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மச்சானும் 'வாங்குறதே வாங்குறீங்க, டாப்பா வாங்குங்க' என்கிறான். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், சேற்றுக்கான மட் டெரெய்ன் டயர், மாட்டிக்கொண்டால் கயிறு கட்டி இழுக்கும் வின்ச் என்று அவனுடைய நண்பர் கடையில் ரூ.3.7 லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு வங்கி ஆப்பில் பர்சனல் லோன் தயாராக இருக்கிறது. பொள்ளாச்சிக்குத் தெற்கே உள்ள எங்கள் தோட்டத்துக்குக் கடைசி 2 கிலோமீட்டர் மண் பாதை. அது போக, மாதம் ஒரு முறை நண்பர்களோடு ஆஃப்ரோடு போவேன். மனைவிக்கு இதெல்லாம் பயமாக இருக்கிறது. எந்த வேரியன்ட், எந்த மாடிஃபிகேஷன் எடுக்கலாம்? 7 வருடக் கடனாக எடுத்து, மிச்சத்தை ஸ்மால்கேப் (சிறு கம்பெனிப் பங்கு) ஃபண்ட் எஸ்ஐபி-யில் மாதாமாதம் போடச் சொல்லி ஒரு வீடியோ பார்த்தேன். சரியா?

— கோவை வாசகர்

பதில்: உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 4×4 வண்டியைப் பற்றி உங்களுக்கு நன்றாகவே தெரியும் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் லோ ரேஞ்ச் என்றால் என்ன என்பதில் இருந்து நான் ஆரம்பிக்கப் போவதில்லை. அந்த 650 ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பணத்துக்கு வந்திருக்கும் கேடு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய கொட்டேஷனை முழு எண்ணாக்கிப் பார்ப்போம். எம்எக்ஸ்5 4×4 ஷோரூம் விலை சுமார் 18 லட்சம், ஏஎக்ஸ்7எல் 4×4 ஆட்டோமேட்டிக் சுமார் 22 லட்சம். வித்தியாசம் 4 லட்சம் என்றுதானே நினைக்கிறீர்கள்? தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து கார் வாழ்நாள் வரி 10 முதல் 20 லட்சம் வரை 18%, 20 லட்சத்தைத் தாண்டினால் 20%. தாண்டிய பகுதிக்கு மட்டும் என்றில்லை, முழு விலைக்கும் 20%. ஆக 18 லட்சத்துக்கு வரி 3.24 லட்சம், 22 லட்சத்துக்கு 4.40 லட்சம். இன்ஷூரன்ஸையும் சேர்த்தால் ஆன்ரோடு விலை ஒன்றுக்கு 22.05 லட்சம், இன்னொன்றுக்கு 27.35 லட்சம் என்று வருகிறது. (விற்கும்போதே பிடிக்கும் 1% வரியான டிசிஎஸ்ஸை நான் சேர்க்கவில்லை, அது வருமான வரி ரிட்டர்னில் கழிந்துவிடும்.) உண்மையான வித்தியாசம் 5.3 லட்சம்.

இந்த 5.3 லட்சம் எப்படி 650 ரூபாயாகச் சுருங்கியது? முதல் கணக்கை 5 வருடத்துக்குப் போட்டிருக்கிறார்கள், இரண்டாவதை 7 வருடத்துக்கு. எஃப்டி-யை உடைத்து 5 லட்சம் முன்பணம் கட்டுகிறீர்கள், வட்டி 9.25% என்று வைத்தால்:

எம்எக்ஸ்5: கடன் 17.05 லட்சம், 60 மாதம், இஎம்ஐ சுமார் 35,600. மொத்தம் கட்டுவது 21.4 லட்சம்.

ஏஎக்ஸ்7எல்: கடன் 22.35 லட்சம், 84 மாதம், இஎம்ஐ சுமார் 36,250. மொத்தம் கட்டுவது 30.45 லட்சம்.

மாதத்துக்கு 650, மொத்தத்தில் 9 லட்சம். இதோடு பர்சனல் லோனையும் சேருங்கள். 3.7 லட்சத்துக்கு 14% வட்டியில் 4 வருடம் என்றால் மாதம் 10,100, கட்டி முடிக்கும்போது 4.85 லட்சம். முன்பணம் உட்பட அந்த ஒரு வண்டிக்கு உங்கள் கையிலிருந்து போவது 40 லட்சம். வீட்டுக் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று நீங்கள் எழுதவில்லை. ஒருமுறை இந்த 40 லட்சத்தை அதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மாதம் 30,000 மிஞ்சுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டப்போவது 46,350. டீசல் தனி. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால் பத்தாயிரத்தை ஒட்டி வரும்; சின்ன காருக்கு இப்போது போடும் பெட்ரோலைக் கழித்துக்கொண்டாலும் செலவு ஏறத்தான் செய்யும். அவசரத்துக்கு இருந்த எஃப்டி-யும் முன்பணமாகப் போய்விடும். அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், மறுபடி நகைதான். நீங்கள் முதலில் நினைத்த எம்எக்ஸ்5-இன் 35,600 ரூபாயே உங்களுக்குத் தாங்காது என்பதைக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

உங்கள் பழக்கம் எது என்று இப்போது தெரிகிறதா? எந்தச் செலவையும் 'மாசத்துக்கு எவ்வளவு கூட?' என்று மட்டுமே கேட்கிறீர்கள். நகைக் கடனிலும் இதுவேதான் நடந்தது. பத்து சதவீதம் என்று வைத்தாலும் வருடம் 26,000 வட்டி. மாதத்துக்குப் பிரித்தால் 2,200தானே என்று மூன்று வருடம் ஓட்டிவிட்டீர்கள். 78,000 ரூபாய் வட்டி போயிருக்கிறது, அசல் அப்படியே நிற்கிறது, நகை இன்னும் பெட்டகத்தில். எந்த ஜீப்புக்காக வைத்தீர்களோ அது இன்று வேறு ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறது. அதை வாங்கியவர் உங்கள் லிஃப்ட் கிட்டுக்கும் பம்பருக்கும் தனியாகக் காசு கொடுத்திருப்பாரா? என்னிடம் வரும் வண்டிப் பிரியர்கள் யாருக்கும் அப்படிக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அந்த வீடியோ விஷயத்துக்கு ஒரு வரி போதும். 7 வருடக் கடன் எடுத்தால் 'மிச்சம்' என்று எதுவும் உங்களிடம் இல்லை. அதைத்தான் டாப் எண்ட் சாப்பிட்டுவிட்டதே. மிச்சம் இருந்தாலும் சொல்வேன்: கடனுக்கு 9.25% கட்டுவது நிச்சயம், ஸ்மால்கேப் ஃபண்டில் வருவது நிச்சயமில்லை. கடனை வைத்துக்கொண்டு எஸ்ஐபி-யில் ஈடுகட்டும் இந்த யோசனை இப்போது எங்கு பார்த்தாலும் சுற்றுகிறது. சந்தை இரண்டு வருடம் படுத்துக்கொண்டால் எஸ்ஐபி-யை நிறுத்திவிடலாம். இஎம்ஐ-யை நிறுத்த முடியாது.

சரி, வேரியன்டுக்கு வருவோம். இதில் கொஞ்சம் நேரம் செலவழிப்பது நல்லது, ஏனென்றால் உங்கள் ஆசை பொய்யானது இல்லை. தோட்டத்துக்குப் போகும் ஆளுக்கு 4×4 பயன்படும்தான். ஆனால் சேற்றில் வண்டியை இழுப்பது எது? டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுக்கு விசையைப் பிரிப்பது), லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்), பின் அச்சில் லாக்கிங் டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு), டயர், அப்புறம் ஓட்டுகிறவரின் நிதானம். லோ ரேஞ்ச் இரண்டு வேரியன்டிலும் ஒன்றுதான். டிஃபரென்ஷியல் பூட்டு இருக்கிறதா என்பதை மட்டும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே கொடுக்கும் 5.3 லட்சத்துக்குக் கிடைப்பது ஆட்டோ கியர், பெரிய கண்ணாடிக் கூரை, ஹார்மன் கார்டன் ஸ்பீக்கர், காற்று வரும் சீட், 360 டிகிரி கேமரா, மோதலைத் தவிர்க்க உதவும் அடாஸ். நெடுஞ்சாலையில் நல்ல வசதிகள், மறுக்கவில்லை. பொள்ளாச்சி மண் பாதையில் இதில் எதுவும் வண்டியைத் தள்ளாது.

இன்னொன்று. எம்எக்ஸ்5-இல் 18 அங்குல வீல், ஏஎக்ஸ்7எல்-இல் 19 அங்குலம். ரிம் பெரிதாக ஆக டயரின் பக்கச்சுவர் குறையும். கல்லில் அடி தாங்குவதும், காற்றைக் குறைத்து ஓட்டுவதும் அந்த அளவுக்குக் கஷ்டம். அதாவது 19 அங்குலத்துக்குக் காசு கொடுத்து வாங்கி, அதைக் கழற்றிப் போட இன்னொரு 1.45 லட்சம் கொடுக்கப் போகிறீர்கள்.

கடைக்காரரின் பட்டியலையும் பார்த்தேன். டயரும் அலாய் வீலும் 1.45 லட்சம், லிஃப்ட் கிட் 75,000, ஸ்டீல் பம்பரும் வின்ச்சும் 95,000, ரூஃப் ரேக்கும் லைட் பாரும் 40,000, ஸ்நார்க்கல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) 15,000. ராக்ஸ் கம்பெனியிலிருந்து வரும்போதே 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் என்று சொல்லி விற்கப்படுகிறது. முழங்காலுக்கு மேல் வரும் தண்ணீர் அது. அதற்கு மேலும் தண்ணீர் ஓடும் ஓடையில் அம்மாவையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு இறங்குவீர்களா? இறங்கமாட்டீர்கள் என்றால் ஸ்நார்க்கல் எதற்கு?

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 182ஏ பிரிவில் இடமிருக்கிறது. முன்னால் போடும் கிராஷ் கார்டு, புல் பார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இரும்பு பம்பர் மோதலின் அதிர்வை மாற்றிவிடும், ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அபராதம்கூட அதற்கு அடுத்ததுதான்.

இன்ஷூரன்ஸிலும் இதே சிக்கல். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் வண்டியின் ஐடிவி-யில், அதாவது அவர்கள் கணக்கில் வண்டிக்கு உள்ள மதிப்பில், சேராது. விபத்தில் க்ளெய்ம் போகும்போது சர்வேயர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். சஸ்பென்ஷனில் கை வைத்தால் அந்தப் பகுதியின் வாரன்ட்டியும் கேள்விக்குள்ளாகும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு நான் போனபோது ஏறிய ஜீப்பை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பழைய வண்டி, சாதாரண டயர், ஒரு லைட் பார்கூட இல்லை. ஓட்டியவர் கல்லைப் பார்த்துப் பார்த்து, முதல் கியரில், பேச்சில்லாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். உங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு கையடக்க கம்ப்ரஸர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், நல்ல ரெக்கவரி கயிறு, தாங்கும் எடை குறித்த ஷேக்கிள் (கயிற்றை மாட்டும் இரும்புக் கொக்கி) இரண்டு, ஒரு மண்வெட்டி. எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் முடியும். சேற்றில் காற்றை 18–20 பிஎஸ்ஐ-க்கு இறக்கி, மெதுவாக ஓட்டிக் கடந்து, தார் ரோடு ஏறியதும் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள். டயரை, கம்பெனி டயர் தேய்ந்த பிறகு அதே அளவில் எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்னாக மாற்றுங்கள். மட் டெரெய்ன் வேண்டாம். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தார் ரோடு, அங்கே சத்தமும் கூடும், டீசல் செலவும் கூடும்.

மச்சான் விஷயத்தில் நான் அதிகம் பேசக் கூடாது. ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள், சிபில் உங்களுடையது, அடகில் இருப்பது அவனுடைய அக்கா நகை. இதை அவனிடம் இப்படியே சொல்லலாம். தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டான்.

நான் சொல்லும் வழி இது. புக்கிங்கை இந்த வாரமே ரத்து செய்யுங்கள். எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று ரசீதில் பார்த்துவிட்டு, எழுத்தில் கேளுங்கள். மிஞ்சும் 30,000 ரூபாயை ஒன்பது மாதம் நகைக் கடனின் அசலில் கட்டுங்கள், 2.7 லட்சம் ஆகிவிடும். நகை வீட்டுக்கு வந்த பிறகு வட்டியும் மிச்சம். மாதம் 32,000 என்று இன்னும் ஆறு மாதம் சேருங்கள், 1.9 லட்சம். எஃப்டி-யில் 2 லட்சத்தை அவசரத்துக்கு விட்டு 3 லட்சத்தை எடுத்தால் கையில் 5 லட்சம்.

அதை வைத்து 14 லட்சத்துக்குள், மூன்று நான்கு வருடம் ஓடிய, ஐந்து பேர் உட்காரும் 4×4 ஒன்றைத் தேடுங்கள். முதல் உரிமையாளர் வாழ்நாள் வரியைக் கட்டியிருப்பார், முதல் வருடங்களின் பெரிய தேய்மானத்தையும் அவரே சுமந்திருப்பார். கடன் 9 லட்சம், 12% என்றாலும் 4 வருடத்தில் இஎம்ஐ 23,700. இது உங்களுக்குத் தாங்கும். ஜிம்னியில் எல்லா வேரியன்டிலும் லோ ரேஞ்ச் உண்டு, விலையும் குறைவு. ஆனால் நான்கு பேர் வண்டி, அம்மாவை எங்கே உட்கார வைப்பீர்கள்?

பார்க்கும்போது வேறொருவர் மாடிஃபை செய்த வண்டியைத் தொடவேண்டாம். 4எல் (நான்கு சக்கர லோ ரேஞ்ச்) போட்டு நின்ற இடத்திலிருந்து நகர்த்திப் பாருங்கள், அடிப்பாகத்தில் துருவும் சேறும் இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள், ஆர்சி விவரத்தோடு வண்டி பொருந்த வேண்டும். புது ராக்ஸ்தான் வேண்டுமென்றால் எம்எக்ஸ்5-க்கு 10 லட்சம் முன்பணம் சேரும்வரை காத்திருங்கள். அதற்கு நகை மீட்ட பிறகும் இரண்டு வருடம் ஆகும்.

அதுவரை அந்த 2 கிலோமீட்டர்? மழை நாளில் வண்டி எங்கே மாட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியும். பாதை முழுக்க மாட்டாது, ஒன்றிரண்டு திருப்பத்தில்தான் மாட்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசி ஆளுக்குப் பாதி போட்டு அங்கே இரண்டு டிப்பர் கிராவல் கொட்டுங்கள்.